இழுக்காதே, தள்ளு

என் கணவர் பணி ஓய்வு பெற்ற அன்று, அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். முப்பது வருடங்களுக்கு மேல், எங்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் இடையே ஓடும் ஃபெரிக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவர் அவர். சுவர்க்கடிகாரமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே வெள்ளையும் சிவப்புமாக ஒரு விமானம். கெட்டியான நுரையில் செய்தது. இறக்கையைப் பொருத்தினால் ஒன்றரை மீட்டர் அகலம் வந்தது. கூடவே, இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரிமோட்.

"எப்பவோ டீ குடிக்கும்போது சொன்னேம்மா, ஏரோப்ளேன் விடணும்னு சின்ன வயசுலேருந்து ஆசைன்னு. ஞாபகம் வச்சிருக்கானுங்க பாரு," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அந்த இறக்கையை வீட்டில் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தீவில் அதைப் பறக்கவிட இடமில்லை. காலியாக இருந்த நிலமெல்லாம் கட்டடமாகிவிட்டது. கட்டடமில்லாத இடத்துக்கு மேலே நிஜ விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். விசாரித்ததில், நிபோங் திபாலைத் தாண்டி பைராம் தோட்டத்துப் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே ஒரு புல்வெளி இருப்பதாகவும், ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடுவதாகவும் தெரிந்தது. எங்களுக்கு ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை. அதற்காக சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மாறிக்கொண்டோம். கோயிலில் ஒரு அக்கா, "என்ன, ஞாயித்துக்கிழம தூங்கணுமா?" என்று கேட்டார். "இல்லக்கா, ஏரோப்ளேன் விடணும்," என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

முதல் ஞாயிறு நான் போனது காப்பி ஃபிளாஸ்க்கோடும் மடக்கு நாற்காலியோடும்தான். புல்வெளியில் எங்களை வரவேற்றவர் ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம். நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட ஒன்பது வயது இளையவர். எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. முதல் நாளே அது நிலைத்துவிட்டது. அங்கே வருகிறவர்களில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவர்தான்.

"அண்ணே, உங்க ரிமோட்ட என் ரிமோட்டோட சேத்துடுவோம். நீங்க ஓட்டுங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா நான் இங்கேருந்து வாங்கிக்குவேன்," என்றார் என் கணவரிடம்.

"முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் பாத்தவன் நான், பாய். இது விளையாட்டுச் சாமான்லா."

தம்பி சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

விமானம் ஓடி, எழும்பி, அழகாகத்தான் போனது. நீல வானத்தில் அந்தச் சிவப்பு இறக்கை வெயில் பட்டு மின்னியபோது நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அது திரும்பி எங்களை நோக்கி வந்தது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் நிமிர்த்தப் பார்த்தார், இன்னும் சாய்ந்தது. மேலும் திருப்பினார், சுழன்றுகொண்டே போய் ஒரு செம்பனையின் உச்சியில் சொருகிக்கொண்டது.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்: "அது நம்மள பாத்து வந்துச்சுல்ல? அதோட இடது இப்ப நம்மளுக்கு வலது. நீங்க மாத்தித் திருப்பிட்டீங்க."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்க முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல தம்பி. நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவ."

அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை எனக்கு. இருபத்தெட்டு வருடங்களாக என் முன்னால் இருக்கும் எந்தப் படமும் என்னைப் பார்த்து நிற்கிற மனிதர்தான். அவருடைய இதயம் என் வலக்கைப் பக்கம் இருக்கும். அவருடைய இடது முழங்கை உடைந்திருந்தால் படத்தில் அது எனக்கு வலப்பக்கம். இதைத் தவறவிட்டால் நல்ல கையில் கட்டுப் போட்டுவிடுவார்கள். ஆகவே எதிரே வருவதற்கு இடம் வலம் மாறும் என்பது என் உடம்பில் ஊறிப்போனது.

குலை வெட்டும் நீளக் கம்பைத் தோட்டத்தில் கடன் வாங்கி விமானத்தைக் கீழே தள்ளினார்கள். மூக்கு இரண்டாக உடைந்திருந்தது. வீடு திரும்பும்போது நான்தான் காடியை ஓட்டினேன். தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் அவர், "இந்த வேலையே வேணாம்மா. அலமாரி மேல தூக்கிப் போட்டுடு," என்றார்.

தூக்கித்தான் போட்டேன். ஆனால் அது பறந்த அந்த முதல் ஒரு நிமிடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. புதன்கிழமை வேலை முடிந்து வந்து அதை இறக்கி, பசையை எடுத்து மூக்கை ஒட்ட ஆரம்பித்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்.

"இப்படியா ஒட்டுவாங்க? கொண்டா இங்க."

அரை மணி நேரத்தில், உள்ளே மூங்கில் குச்சி வைத்து, மூக்கை முன்னைவிட உறுதியாகப் பொருத்திக் கொடுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தனியாகப் போனேன். நான்கு ஞாயிறுகள் அப்படித்தான் போயின. அவர் வீட்டில் இருந்துகொண்டு கார்ப்பெட் துவைத்தார், மின்விசிறி துடைத்தார், ஒருமுறை மீன் கறி வைத்து உப்புப் போட மறந்தார்.

புல்வெளியில் தம்பி என் ரிமோட்டைத் தன்னுடையதோடு இணைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றுகொள்வார். வலது குச்சி மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும், இறக்கையைச் சாய்க்கவும். இடது குச்சி மோட்டார் விசைக்கும் வாலிலுள்ள சுக்கானுக்கும். முதல் நாள் எனக்கு நேராகப் போகவே வரவில்லை. விமானம் குடித்துவிட்டு நடப்பதுபோல் போனது. ஆனால் திரும்பி என்னைப் பார்த்து வரும்போது மட்டும் கை தானாகச் சரியாகச் செய்தது. அதைப் பார்த்துத் தம்பிக்கு ஒரே ஆச்சரியம்.

"எல்லாரும் அங்கதான் விழுவாங்க. நீங்க அங்கதான் நல்லா ஓட்டுறீங்க. நேரா போறதுதான் வரல!"

மூன்றாவது ஞாயிறு எட்டு வடிவத்தில் சுற்றி, தனியாக இறக்கவும் செய்தேன். தம்பி இணைப்பை எடுத்துவிட்டார். அதற்கு அடுத்த ஞாயிறும் நான் தனியாகத்தான் போயிருந்தேன். கடையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடியே தம்பி சாதாரணமாகக் கேட்டார்: "அக்கா, இன்னிக்கு ஒரு லூப் போடுவோமா?"

"அது தலகீழா போகுமே!"

"ஒரு ரெண்டு செகண்டுதான்லா. மேல போங்க, நல்லா மேல. உயரம் இருந்தா தப்புப் பண்ணலாம். கீழதான் தப்புப் பண்ண எடமில்ல."

காற்றுக்கு எதிராக நேராக வர வேண்டும். விசையை முழுக்கக் கொடுத்து, வலது குச்சியை மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். விமானம் வானத்தில் ஒரு வட்டம் போட்டு, தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். சொல்லும்போது அவ்வளவுதான். என் கட்டைவிரல் குச்சியின்மேல் வழுக்கியது. சேலைத் தலைப்பாக இருந்தால் துடைத்திருக்கலாம், போட்டிருந்ததோ பழைய டி-சட்டை, அதில் துடைத்தேன். இழுத்தேன்.

மூக்கு நிமிர்ந்தது. விமானம் செங்குத்தாக ஏறியது. உச்சியில் வானத்துக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்லக் கவிழ்ந்து, சரிந்து இறங்கி, கோணல்மாணலாக நிமிர்ந்தது.

நான் கத்திய கத்தலில் புல்வெளி ஓரத்திலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. ஐம்பத்து நான்கு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து வேலைக்கு அனுப்பியவள், ஒரு காலைத் தூக்கிக் குதித்தேன் என்று தம்பி இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

"வட்டம் கேட்டேன், நீங்க பலாக்கொட்ட போட்டுட்டீங்க," என்றார் அவர். "பரவால்ல. இன்னொன்னு போடுங்க."

அன்று பகல் சாப்பாட்டில் கணவரிடம் அதைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மேல ஏறும்போது மோட்டார் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"சத்தமா? யாரு கவனிச்சா?"

"அதக் கவனிக்காம என்னத்த ஓட்டுன?"

அடுத்த ஞாயிறு நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் கீழே போனபோது, அவர் ஏற்கனவே காடியில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தார். பாலத்தில் ஏறும்போது வானொலியில் வந்த பாட்டை இருவரும் சேர்ந்து முணுமுணுத்தோம்.

அன்றுதான் அவருடைய காதின் அருமை எனக்குத் தெரிந்தது. அவர் விமானத்தைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, சத்தத்தை மட்டும் கேட்டார். நான் இரண்டு லூப் போட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து சொன்னார்: "மேல ஏறுறப்ப மூச்சு வாங்குது. நீ இழுத்துட்டு அப்பறமா விசை குடுக்கற. முன்னாடியே குடுத்து வேகம் புடிச்சுட்டு இழு. கீழ வரும்போது விசையக் கொற, அது தானா இறங்கும்."

அப்படியே செய்தேன். பலாக்கொட்டை உருண்டு முட்டையானது. முட்டை அடுத்த சில வாரங்களில் வட்டமானது. காற்றையும் அவர்தான் பார்த்துச் சொன்னார். செம்பனை மட்டைகளின் நுனி அசைவதை வைத்தே, "இப்ப இடது பக்கத்துலேருந்து வருது, கொஞ்சம் பொறு," என்பார். தண்ணீரின் மேலே வாழ்நாளைக் கழித்தவர். காற்று மாறுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று முதல் என் இடது தோளுக்குப் பின்னால் நிற்பது அவருடைய இடமாகியது. ஒருமுறை தம்பி, "அண்ணே, நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டுங்க," என்று ரிமோட்டை நீட்டினார். "எனக்குக் கீழ நின்னு கேக்கறதுதான் புடிச்சிருக்கு, பாய்," என்றார். அதில் வருத்தம் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் ஏற்கனவே இன்னொருவரின் மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து ரோல், அதாவது உருளல். நேராகப் போகும்போதே விமானம் தன் நீளத்தைச் சுற்றி ஒருமுறை உருள வேண்டும், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. மூக்கை லேசாகத் தூக்கி, வலது குச்சியை ஒரு பக்கமாக முழுதும் சாய்த்தால் உருளும். ஆனால் பாதியில், தலைகீழாக இருக்கும் அந்தக் கணத்தில், குச்சியை முன்னால் கொஞ்சம் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் மூக்கு தரையை நோக்கிக் கவிழும். நான் தள்ள மறந்து மறந்து, ஒவ்வொரு உருளலிலும் ஒரு தென்னை உயரத்தை இழந்தேன்.

செங்குத்தாக ஏறித் திரும்புவது எனக்குச் சட்டென்று வந்தது. விமானம் நேர் மேலே ஏறி, வேகம் தீர்ந்து, நிற்கப் போகிற அந்த நொடியில் சுக்கானை முழுக்கத் திருப்பினால், அது ஒரு இறக்கையின்மேல் சுழன்று மூக்கைக் கீழே போட்டு, ஏறிய பாதையிலேயே இறங்கும். எப்போது திருப்புவது என்பதுதான் சூட்சுமம். அதைப் பின்னாலிருந்து அவர் சொன்னார். மோட்டாரின் சத்தம் மாறும் இடத்தில் "இப்ப!" என்பார், நான் திருப்புவேன். சுக்கான் என்றாலே அவருக்குத் தனி மகிழ்ச்சி. "கப்பலும் இதுவும் ஒன்னுதாம்மா," என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் உடலுக்கு அடியில் இறக்கை அமைந்த மஞ்சள் விமானம் ஒன்றை வாங்கியிருந்தோம். பழையது பயிற்சிக்கானது, தலைகீழாக அதிக நேரம் நிற்காது. மஞ்சள் எப்படிப் போட்டாலும் பறக்கும். அதை வைத்துத்தான் நான் தலைகீழாகப் பறக்கக் கற்றேன். கற்றேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

இடம் வலம் மாறுவது எனக்குச் சாதாரணம். மேல் கீழ் மாறுவது அப்படி இல்லை. எக்ஸ்ரேயில் யாருடைய தலையும் கால் பக்கம் இருந்ததில்லை. விமானம் தலைகீழாகப் போகும்போது, குச்சியைப் பின்னால் இழுத்தால் அது தரைக்குப் போகும். முன்னால் தள்ளினால்தான் வானத்துக்குப் போகும். மூளைக்கு இது புரிகிறது. கட்டைவிரலுக்குப் புரியவில்லை. பயந்தால் கட்டைவிரல் இழுக்கிறது. நான்கு மாதங்களாகப் பழகிய பழக்கம்: ஆபத்தா, இழு, மேலே போகும்.

ஒரு காலையில் தலைகீழாக நல்ல உயரத்தில் போய்க்கொண்டிருந்தேன். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. பயந்தேன். இழுத்தேன். மஞ்சள் விமானம் கண்ணிமைக்கும் நேரத்தில் குட்டிக்கரணத்தின் கீழ்ப்பாதியைப் போட்டு, புல்வெளிக்கு அந்தப் பக்கமிருந்த லோங்காங் வாய்க்காலில் தலைகுத்தி இறங்கியது. சேறு இரண்டு ஆள் உயரம் எழும்பியது.

"அலாமாக்," என்று தலையில் கை வைத்தார் தம்பி. "லோங்காங்குலயே போட்டுட்டீங்களே அக்கா."

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் முழங்கால்வரை சேற்றில் இறங்கி இறக்கையை ஒரு கையிலும் வாலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கரையேறியபோது, மேலே நின்ற என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றார். "என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். "இல்லம்மா, எரும மாதிரி வர்ற," என்றார். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேறு படிந்த என்னைப் படம் எடுத்து எங்கள் மகளுக்கு அனுப்பினார். அவள் கோலாலம்பூரிலிருந்து உடனே கூப்பிட்டு, "அம்மா, நீங்க விழுந்தீங்களா, ப்ளேன் விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

விமானம் ஒட்டிக் காய இரண்டு வாரமானது. அதுவரை மடிக்கணினியில் பழகினேன். விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் ஒன்றைத் தம்பி போட்டுக் கொடுத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, திரையில் தலைகீழாகப் போய்க்கொண்டே இருப்பேன். அங்கே எனக்கு எந்தத் தவறும் வரவில்லை.

"வராதுல்ல. வீட்டுல உனக்கு என்ன பயம்?" என்றார் கணவர்.

"பின்ன என்ன செய்யறது?"

மறுநாள் சாயங்காலம் நான் திரையில் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தபோது, என் காதுக்குப் பக்கத்தில் டமார் என்று ஒரு சத்தம். நான் நாற்காலியோடு துள்ளினேன். திரையில் விமானம் தரையில் கிடந்தது. திரும்பிப் பார்த்தால், ஒரு கையில் பிரியாணிச் சட்டியின் மூடியும் மறு கையில் கரண்டியுமாக அவர் நிற்கிறார்.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"இழுத்தியா, தள்ளுனியா?"

இழுத்திருந்தேன்.

பத்து நாள் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. எப்போது அடிப்பார் என்று தெரியாது. சில நேரம் அரை மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் செய்தித்தாள் படிப்பார். நான் மறந்த பிறகு பின்னால் வந்து அடிப்பார். "இழுக்காத, தள்ளு!" என்று அதோடு ஒரு கத்தல். கீழ் வீட்டுச் சீன அம்மா ஒருநாள் லிஃப்டில் என்னைத் தனியாகப் பிடித்து, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மலாயில் அக்கறையாகக் கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மூடி அதிர்ந்தபோது, என் கட்டைவிரல் எனக்கு முன்னாலேயே தள்ளியது. திரையில் விமானம் தலைகீழாகவே மேலே ஏறிப் போனது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மூடியை மேசையில் வைத்துவிட்டு எனக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

வருடக் கடைசியில் புல்வெளியில் எல்லோருமாக ஒரு நாள் கூடுவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஒவ்வொருவராக வந்து தெரிந்ததைச் செய்து காட்ட வேண்டும். தோட்டத்திலிருந்து ஆட்கள் மோட்டார்சைக்கிளில் குடும்பத்தோடு வந்து புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி கடையிலிருந்து இரண்டு பெரிய பாத்திரங்களில் சோறும் கறியும் கொண்டுவந்திருந்தார். ஒலிபெருக்கியும் அவர் கையில்தான்.

"அடுத்து நம்ம அக்கா! லூப், ரோல், மேல ஏறித் திரும்புறது, கடைசியா தலகீழ். எல்லாரும் பாருங்க!"

இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கணவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "காத்து நேரா வருது. நல்ல காத்து. போ," என்றார்.

லூப் வட்டமாகவே வந்தது. உருளலில் கொஞ்சம் உயரம் இழந்தேன், ஆனால் முன்புபோல் இல்லை. மேலே ஏறித் திரும்பும்போது அவர் "இப்ப!" என்றார், மஞ்சள் விமானம் ஒரு இறக்கையின்மேல் சுழன்று, கோடு போட்டதுபோல் இறங்கியது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தைரியம் வந்தது. சுற்றி வந்து, அரை உருளல் போட்டு, இடமிருந்து வலமாகத் தலைகீழாக எங்கள் முன்னால் கொண்டுவந்தேன். இரண்டு தென்னை உயரம் இருக்கும்.

"பருந்து!" என்றார் கணவர். "முன்னாடி!"

செம்பனைகளுக்குள்ளிருந்து ஒரு செம்பருந்து எழும்பி, விரிந்த இறக்கையோடு விமானத்தின் பாதைக்கு நேராக வந்துவிட்டது. அதன் வெள்ளைத் தலை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. யோசித்த ஞாபகம் இல்லை. பயந்தேன் என்பது மட்டும் தெரியும். கட்டைவிரல் தள்ளியது.

மஞ்சள் விமானம் வயிறு வானத்தைப் பார்த்தபடியே மேலே வளைந்து ஏறியது. பருந்து அதன் அடியில் கடந்து போனது. நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். விமானம் ஏறி ஏறி ஏறக்குறையச் செங்குத்தானபோதுதான் தள்ளியிருக்கிறேன் என்பது உறைத்தது. ஒரு உருளல் போட்டு நேராக்கி, மூச்சு விட்டேன். பருந்து ஒருமுறை வட்டமிட்டு, எங்களைச் சட்டை செய்யாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டது.

ஒலிபெருக்கியில் தம்பியின் குரல்: "இது... இது அக்கா ஸ்பெஷல்! லிஸ்ட்லயே இல்ல!"

எல்லோரும் அதைத் திட்டமிட்டுச் செய்ததாகவே நினைத்தார்கள். விசில் அடித்தார்கள். தோட்டத்துப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "அக்கா, இன்னொரு வாட்டி!" என்று கத்தினாள். விமானத்தை இறக்கிவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தபோது, கணவர் என் இரண்டு தோள்களையும் பிடித்துக் குலுக்கினார்.

"தள்ளுன! பாத்தேன், நீ தள்ளுன!"

"சட்டி மூடி இல்லாமலே தள்ளிட்டேங்க," என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சோறு தீர்ந்து, பாய்களைச் சுருட்டி, மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போன பிறகும் எங்களிடம் ஒரு பேட்டரி மிச்சமிருந்தது. வெயில் தணிந்திருந்தது. "சும்மா ஒன்னு போயிட்டு வா," என்றார் கணவர். தம்பி பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

யாரும் பார்க்காததால் நான் வரிசையெல்லாம் பார்க்கவில்லை. மேலே போய் லூப் போட்டேன். முடிந்த இடத்திலிருந்தே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சில வட்டம், சில முட்டை. கணவர் எண்ண ஆரம்பித்தார். "ஏழு... எட்டு..." தம்பி வேன் கதவருகே நின்று சேர்ந்துகொண்டார். "ஒம்பது!" ரிமோட் கீச்கீச் என்று நேரம் முடிந்ததைச் சொன்னது.

"போதும்மா, பேட்டரி தீருது."

"ஒன்னே ஒன்னு."

"பத்து! போதும்!"

பதினொன்றும் போட்டேன். அதன் அடியில் மோட்டார் களைத்து நின்றுவிட்டது. விமானம் சத்தமில்லாமல் நீளமாகச் சரிந்து வந்து, ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு லாலாங் புல்லுக்குள் மறைந்தது. உடையவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது என்றார் கணவர். இருவரும் அதைத் தேடிக்கொண்டு புல்லுக்குள் நடந்தோம். முந்தின நாள் பெய்த மழைத் தண்ணீர் அடியில் தேங்கியிருந்தது. செருப்பு இரண்டும் நனைந்துபோயின. மஞ்சள் நிறம் கண்ணில் படவே இல்லை. அவர் வலப்பக்கம் போனார், நான் இடப்பக்கம் போனேன். தூரத்தில் தம்பி கையை ஆட்டி ஏதோ திசை காட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.